நஞ்சு முழுமை: ஆம் / இல்லை

வெருலத்துக்கு வெளியே
கரும்பு லாரிகள் திரும்பும் முனையில்
எங்கள் பேறுகால நிலையம்.
மூன்று கட்டில். கதவில் மின்வெட்டு அட்டவணை.
இரண்டு தராசு: ஒன்று பிள்ளைக்கு,
இன்னொன்று எதற்கென்று
அன்றுவரை நான் கேட்டதில்லை.

வகுப்பில் எங்களுக்கு ஒரு ரப்பர் தாய் இருந்தாள்.
இடுப்புக்கு மேல் கிடையாது.
அவள் பிள்ளை எப்போதும்
ஒழுங்காகத் தலை குனிந்து
ஒழுங்காகத் தோள் திருப்பி வரும்.
அவளுடைய நஞ்சுக்கொடி வெல்க்ரோ.
பிய்த்தால் பிய்யும், ஒட்டினால் ஒட்டும்.
அவளிடம் தொண்ணூற்றிரண்டு மார்க் வாங்கினேன்.

ஹ்லெங்கிவே கத்தவில்லை.
அதுதான் என்னைப் பயமுறுத்தியது.
கட்டிலில் படுக்க மாட்டேன் என்று
சன்னல் கம்பியைப் பிடித்துக் குந்தியிருந்தாள்.
பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு படம் இல்லை.
"அப்போ நீ கீழே இறங்கு" என்றார் சிஸ்டர் குமேடே,
டார்ச்சைப் பிடித்தபடி.
தரையில் முழங்காலிட்டேன்.
நான் மனப்பாடம் செய்திருந்த ஏழு அசைவில்
நான்கைப் பிள்ளையே முடித்துவிட்டிருந்தது.

பெண். மூன்று கிலோ நூறு.
அழுதாள். நானும் கொஞ்சம்.
ஒன்பதாவது, என்றது மனசு.
பதினைந்து கையொப்பத்தில் ஒன்பது.

பத்து நிமிடத்தில் மற்றது வந்தது.
"உம்சன்யானா" என்றாள் ஹ்லெங்கிவே, களைத்துச் சிரித்து.
பிள்ளை பார்த்துக்கொள்ள வரும் பெண்ணையும்
அவள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.
சம்பளமில்லாமல் ஒன்பது மாதம்
உள்ளே வேலை பார்த்தவள்.
எங்கள் வீட்டில் இதை நஞ்சு என்பார்கள்
என்று நான் சொல்லவில்லை.
ஊட்டி வளர்த்ததற்கு
எந்த வாய் இப்படிப் பெயர் வைத்தது?

எஃகுத் தட்டில் விரித்தேன்.
கொடியில் மூன்று குழல். சரி.
சவ்வுக்குள் கைவிட்டுத் தூக்கினேன்,
பை போல நின்றது. சரி.
புரட்டினேன்.
ஈரல் நிறத்தில், வெடித்த வயல் போல மடல் மடலாக.
இரு கையாலும் ஏந்திக் குவித்தால்
ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.
பொருந்தின,
ஓரத்தில் ஓரிடம் தவிர.
கட்டைவிரல் அகலம்.

"சிஸ்டர்" என்றேன். குரல் யாருடையதோ.
அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
"வயிற்றில் கை வை."

தொப்புளுக்குக் கீழே
கிரிக்கெட் பந்தாக இருக்க வேண்டியது
பிசைந்த மாவாக இருந்தது.
தொடையில் ஊசி, கையில் சொட்டு மருந்து,
நாடி நூற்றுப் பதினெட்டு.
ஆம்புலன்ஸுக்கு நாற்பது நிமிடம் என்றது போன்.
நாற்பது நிமிடமும் உருட்டினேன்.
இறுகும். கை எடுத்தால் தளரும்.
நனைந்த துணிகளை சிஸ்டர் ஒவ்வொன்றாக
அந்த இரண்டாவது தராசில் வைத்து
சத்தமாக எண் சொன்னார், நான் மறக்கக்கூடாதென்று.
பெருக்க வந்த அம்மா பிள்ளையை ஏந்திக்கொண்டு
சுவரோரம் நின்றாள்.

பெயர் வைத்த வாயை அப்போது கண்டேன்.
இப்படி ஒரு தரையில் முழங்காலிட்டிருந்த,
ஊசியும் போனும் இல்லாத ஒருத்தி.
வந்ததற்கு அல்ல,
வராமல் நின்றுபோன துண்டுக்கு
வைத்த பெயர்.

ஹ்லெங்கிவே போனாள். மார்பில் பிள்ளை.
காலடியில் மூடிபோட்ட வாளியில்
பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்க்க
அந்தக் குறைபட்டதும் கூடப் போனது.
மாலையில் தகவல் வந்தது:
எடுத்துவிட்டார்கள். இரண்டு பை ரத்தம்.
பிள்ளை பால் குடிக்கிறது.

சிஸ்டர் குமேடே என் பதிவேட்டைத் திறந்து
ஒன்பதாம் வரியில் கையொப்பமிட்டுத் தேநீர் போடப் போனார்.
கடைசிக் கட்டத்தில்
'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அதற்கு மேலே எட்டு 'ஆம்'.
ஒரே பேனா, ஒரே அவசரம்.
மூன்றாவது வரி, மார்ச், நல்ல மழை,
டோங்காட்டிலிருந்து வந்த பெண்,
ஷிஃப்ட் முடியும் நேரம்.
அவளுடையதைப் புரட்டினேனா?
புரட்டியிருப்பேன்.
புரட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.