மூடிக்குள் பனி

ராமநாதபுரத்து மெக்கானிக் போனில் சிரித்தான்:
"காரங்காட்டில் என்னக்கா குளிர்?
இருபது டிகிரிக்குப் பேர் குளிரா?"
சிரிக்கட்டும்.
அவன் ஷெட்டு கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது.
மார்கழி நாலரை மணிக்கு
அலையாத்திக்காட்டின் மேலே வாடை ஏறி வரும்போது
என் ஆம்னியின் கண்ணாடியைத் தொட்டு
விரலை நாக்கில் வைத்துப் பார்க்கணும்.
பனியே கரிக்கும்.

சாவியைத் திருப்பினேன்.
சுற்றுகிறது, சுற்றுகிறது, பற்றவில்லை.
பின்னால் நாலு கூடை நீலக்கால் நண்டு,
கொடுக்கைக் கட்டி ஈரச்சாக்குப் போர்த்தியது.
மண்டபம் கம்பெனியில் எட்டுக்குள் எடை.
தாண்டினால் கிலோவுக்கு முப்பது குறைப்பார்கள்,
செத்ததைத் தனியே பொறுக்கி வீசுவார்கள்.
சாக்குக்கடியில் அவை கூடையைக் கீறுகிற சத்தம்
என் முதுகில் கீறுகிறது.

"தள்ளிப் பார்ப்போமா" என்றான் சந்தியாகு.
எந்த நோய்க்கும் அவனிடம் இந்த ஒரு மருந்துதான்.
போன வாரம் தள்ளியதில் பின்சக்கரம்
அச்சுவரை மணலில் இறங்கி
வள்ளம் இழுக்கிற கயிறு போட்டு எடுத்தோம்.
வேண்டாம். முதலில் அதைக் கேட்போம்.

ஹெட்லைட் போட்டேன்.
மாதா கோயில் சுவர்வரை வெள்ளை.
ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் கொஞ்சம்தான் மங்கியது.
பேட்டரியைக் குறை சொல்ல முடியாது,
தவணையே இன்னும் முடியவில்லை.

சோக்கை இழுத்தேன்.
இழுத்து இழுத்து, உள்ளே பெட்ரோல் நாற்றம்.
சீட்டைத் தூக்கி
(ஆம்னிக்கு நெஞ்சு நம் உட்காரும் இடத்துக்குக் கீழே)
ஒரு பிளக்கைக் கழற்றினேன்.
நனைந்திருந்தது.
சோறு இருக்கிறது. தீதான் வரவில்லை.

கதவெல்லாம் திறந்து நாற்றம் போகவிட்டு,
பிளக்கை இன்ஜின் இரும்பில் சாய்த்து வைத்து
"திருப்புடா" என்றேன்.
இருட்டு இதற்கு வசதி.
பொறி இல்லை.
காயிலிலிருந்து வருகிற நடு வயரைப் பிடுங்கி
இரும்புக்குப் பக்கத்தில் நீட்டினேன்.
நீலமாய்ப் பளிச்சென்றது,
கட்டைவிரலில் ஓர் அடி.
"ஏசுவே" என்றேன், சந்தோஷத்தில்.
வருகிற வழி சரி.
போகிற வழியில்தான் எங்கேயோ தொலைகிறது.
நடுவில் இருப்பது
உள்ளங்கையளவு ஒரு பழுப்பு மூடி.

கழற்றிக் கவிழ்த்தேன்.
உள்ளே வியர்த்திருந்தது.
போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான்
கீறல் தெரிந்தது. தலைமயிர் மாதிரி,
இரண்டு முனைக்கு நடுவே கறுப்பாக.
வெயிலில் அது வெறும் கோடு.
பனி இறங்கினால் வாய்க்கால்.
மின்சாரம் சிலிண்டருக்குப் போகிற பாட்டை விட்டு
அந்த ஈரத்தில் இறங்கி ஓடிவிடும்.
இருபது நாளாக நான் குளிரைத் திட்டினேன்.
பதினோரு மணிக்கு ஷெட்டுக்குக் கொண்டுபோனால்
ஒரே திருப்பில் கிளம்பி
என்னைப் பொய்க்காரியாக்கியது இந்தக் கோடு.

டீக்கடை லூர்து அப்போதுதான் பாய்லர் மூட்டியிருந்தாள்.
துடைத்து, அதன் தோளில் மூடியைக் கவிழ்த்தேன்.
"அதுக்கும் டீ வேணுமா?" என்றாள்.
காய்ந்துவிட்டது. நாளைக்கும் பனி வருமே,
கீறலை எதைக்கொண்டு அடைப்பது?
மெழுகு இன்ஜின் சூட்டில் உருகும்.
லூர்து உள்ளே போனாள்,
தூங்குகிற மகளின் பையைத் துழாவி
நகப்பூச்சோடு வந்தாள். கத்தரிப்பூ நிறம்.
"பெனிட்டா கேட்டா எனக்குத் தெரியாது."

இரண்டு பூச்சு. ஊதி ஊதி உலர்த்தினேன்.
தூரிகையில் மிஞ்சியதை வீணாக்காமல்
இடது சுண்டுவிரலில் இழுத்துக்கொண்டேன்.

முதல் திருப்பில் இருமியது.
அடுத்ததில் பிடித்துக்கொண்டது.
எதற்கும் இருக்கட்டும் என்று
பின்னால் தள்ளத் தயாராக நின்ற சந்தியாகு
புகைக்குள் காணாமல் போனான்.

மண்டபத்தில் எட்டேகால்.
முப்பது குறைத்தார்கள்.
ஆறு நண்டு செத்திருந்தது.
கூடையைத் தராசில் ஏற்றுகையில்
எடைக்காரன் என் விரலைப் பார்த்தான்.
"வீட்டில் விசேஷமாக்கா?"
"வண்டிக்கு" என்றேன்.