காரணத்துக்கு ஒன்றரை வரி

படிவத்தில் காரணம் எழுத
ஒன்றரை வரிதான் விட்டிருக்கிறார்கள்.

ஏற்காடு சாலை, பதினான்காவது கொண்டை ஊசி வளைவு.
லூர்துராஜின் பிக்கப் வண்டி.
பின்னால் எட்டு மூட்டை மிளகு,
முன்னால்
ஒரு பாறை.

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கிறது,
கேட்டால் லைசென்ஸ் காட்டிவிடும் போல.
சாலையில் சரிந்து கிடந்த மண்ணைப் பார்க்க
டார்ச்சோடு இறங்கிப் போனதால்
ஆள் பிழைத்தார்.
"என்ன சத்தம் கேட்டுச்சு?"
"மழைச் சத்தத்துல எதை மேடம் தனியாப் பிரிச்சுச் சொல்ல?"

டேப்பை நீட்டினேன்.
ஆறடி நான்கு அங்குலம். நாலரை அடி.
மூன்றாவது பக்கம் வண்டிக்குள் இருந்தது.
ஐந்து ரோடு அலுவலகத்தில் கேட்பார்கள்
மோதியது எது, எத்திசையிலிருந்து, என்ன வேகம்.
பதிவு எண் என்ற இடத்தில்
ஒரு கோடு போட்டேன்.

பிறகு சேற்றைப் பிடித்து மேலே ஏறினேன்.
அது கிளம்பிய இடம்
பல் விழுந்த ஈறு போல் ஈரமாக இருந்தது.
இடுக்கில் ஒரு சில்வர் ஓக் வேர்,
என் மணிக்கட்டுப் பருமன்,
மிதிபட்ட ரப்பர் குழாய் மாதிரி தட்டையாக.
மயிரளவாய் உள்ளே போயிருக்கும்,
குடிவந்த புதிதில் எல்லோரையும் போல
ஓரமாக.

வேருக்கு முன்னால் எறும்பு.
எறும்புக்கு முன்னால்
சித்திரையில் விரிந்து மார்கழியில் சுருங்கி
கருங்கல்லில் விழுந்த ஒரு கீறல்.
கீறலில் தண்ணீர்.

தண்ணீர் தள்ளவில்லை. இதை எழுதியாக வேண்டும்.
அடியிலிருந்த செம்மண்ணை
நாளுக்கு ஒரு பொடி வீதம்
கேட்காமல் எடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவே.
கந்துவட்டிக்காரனுக்குக்கூட இந்தப் பொறுமை கிடையாது.
ஐப்பசியில் ஒன்பது நாள் விடாத மழை,
மிச்ச மண் சேறாகி
பாறையின் இடுப்பைப் பிடித்திருந்த கை வழுக்கி

இல்லை.
கை, இடுப்பு எல்லாம் ஆய்வறிக்கையில் வரக்கூடாது.

"கடவுள் செயல்னு போட்டா
பணம் வருமா வராதா மேடம்?"
சிரிக்காமல்தான் கேட்டார்.
வரும் என்றேன்.
பாறைச்சரிவு பாலிசியில் இருக்கிறது.
வேர் இல்லை. எறும்பு இல்லை.

நேரம்: அதிகாலை 3.40.
எழுதும்போதே உறுத்தியது.
மூன்று நாற்பதுக்கு வந்து சேர்ந்தது, சரி.
புறப்பட்ட நேரத்தை
யாரிடம் வாங்குவது?

மதியம் நெடுஞ்சாலைத் துறையின் ஜேசிபி வந்தது.
மாதப்பன் பீடியை அணைத்துவிட்டு
மூன்று முறை முட்டினார்.
நான்காவதில்
தடுப்புச்சுவர் உடைந்த இடைவெளி வழியே பாறை போனது.
மரம் முறியும் சத்தம்.
பிறகு ஓடையின் சத்தம்.
பிறகு கொஞ்சம் மாறிப்போன
ஓடையின் சத்தம்.

"அவ்ளோதான், முடிஞ்சுது" என்றார்.

எனக்கு முடிந்த மாதிரி தெரியவில்லை.
இனி வெள்ளம் வரும்போதெல்லாம்
பாறையின் முன்காலடியில் குழி பறிக்கும்.
ஆழம் போதுமான ஓர் இரவில்
பாறை அந்தக் குழிக்குள் சாயும்,
வருகிற தண்ணீரைப் பார்த்து,
மலையின் பக்கமாக ஒரு புரளல்.
வெள்ளம் கல்லை மேட்டுக்கு நகர்த்தியது என்று
நான் எழுதினால்
மேலாளர் என்னைத்தான் நகர்த்துவார்.

லூர்துராஜ் மிளகு மூட்டைகளை
இன்னொரு வண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.
ஒன்று கிழிந்திருந்தது.
கறுப்பு மணிகள் மழைநீரில்
சாலையின் சரிவைச் சரியாகப் படித்தபடி
கீழே போயின.

மாலைப் பேருந்தில் ஜன்னலோரம்.
செருப்பில் அப்பியிருந்த செம்மண்ணைப்
படியிலேயே தட்டிவிட்டுத்தான் ஏறினேன்,
மிச்சம் காய்ந்து
காலடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.
சேலம் போய்ச் சேரும்போது
மலை ஒரு கைப்பிடி நகர்ந்திருக்கும்.
இதற்கு எந்தப் படிவமும் இல்லை.

மடியில் வைத்து எழுதினேன்:
தொடர்மழையால் பாறைச்சரிவு.
ஒரு வரிகூட ஆகவில்லை.

மீதி இடத்தில் பேனாவை வைத்து யோசித்தபோது
ஏழாவது வளைவில் பேருந்து ஒடித்துத் திரும்ப
கோணலாக ஒரு கீறல் விழுந்தது,
காகிதத்தின் ஓரம் வரை.

அடிக்கவில்லை. விட்டுவிட்டேன்.