ஈரத்துக்குக் கழிவு

அப்புத்தளைக்கு மேலே, மூடிக் கிடந்த பெக்டரியில்
கொழுந்து வாட்டிய மாடியில்
மூன்று பேர் ஒரே துணியை
மூன்று பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம்,
ஏழு கிழமையாக.

நுஸ்ரா தைப்பாள்.
இந்துனில் கம்பி வளைப்பான்.
நான் அவிழ்ப்பேன்,
தைத்ததில் பாதியை, இரவில், சொல்லாமல்.
காலையில் பிளேன்டீயை என் பக்கம் அவள் தள்ளும் விதத்தில்
கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரியும்.
இருவரும் அதைப் பேசியதில்லை.

தையல் ஆலை வெட்டி எறிந்த
உள்ளாடைப் பட்டி, நைலான் வலை,
சாம்பல் நிற இலாஸ்டிக் இரண்டு மூட்டை.
பிறகு, கொழுந்து மலையில் இடுப்பில் கட்டித் தேய்ந்த
படங்குகள் நாற்பத்தொன்று,
பழசுக்குப் புதுசு கொடுத்து மாற்றிக்கொண்டது.
கணக்குப் பார்த்தால் லாபம் நமக்குத்தான்
என்றான் இந்துனில்.
சிரிக்கவில்லை.

கூரை வளையிலிருந்து தொங்கியது
வயிறும் மடிப்புமாக, நிலத்தைத் தொடாமல்.
மலை என்றேன் நான்.
நுரையீரல் என்றாள் நுஸ்ரா.
முதலில் இந்த வளை தாங்குமா என்று பார்ப்போம்
என்றான் அவன்.

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
எடைக்கு ஒரு கட்டம் இருந்தது.
மூலையில் துருப்பிடித்துக் கிடந்த கொழுந்துத் தராசை
எண்ணெய் போட்டு எழுப்பி
அதன் கொக்கியில் மாட்டினோம்.
அறுபத்து மூன்று கிலோ.
உடைந்த கண்ணாடி வழியே
இரவெல்லாம் பனிமூட்டம் வந்து போனது.
விடிந்து பார்த்தால் எழுபத்தொன்று.
தராசைத் துடைத்தான் இந்துனில்,
முள்ளைத் தட்டினான்,
எழுபத்தொன்று.
நாலாவது ஆள் ஒருத்தர் ராத்திரி வேலை செய்திருக்கார்
என்றாள் நுஸ்ரா, என்னைப் பார்க்காமல்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் டிவிசனிலிருந்து
பார்க்க வந்தார்கள்,
குடையோடும் பிள்ளைகளோடும்.
உள்ளாடைப் பட்டியை ஒருத்தி அடையாளம் கண்டு
மற்றவளின் தோளில் இடித்தாள்.
சிரிப்பு தகரத்தில் பட்டுச் சுற்றி வந்தது.
பூங்காவனம் மட்டும் சிற்பத்தைப் பார்க்கவில்லை.
தராசு முள்ளைப் பார்த்தார்.
"ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க?"

மூன்று பேரும்
அடுத்தவர் பதில் சொல்லட்டும் என்று நின்றோம்.

"எங்களுக்குன்னா சாக்குக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு.
வெயில் அடிச்சாலும் தண்ணிக்கு ரெண்டு."

அதை ஒரு முறைப்பாடாகச் சொல்லவில்லை,
விலை கேட்கும் குரல்தான்.
பிறகு மடிப்புக்குள் கைவிட்டு
இடது பக்கக் கயிற்றை இழுத்துப் பார்த்து
இது வழுக்கும் என்றார்.
நாங்கள் வாய் திறக்கும் முன்
பல்லால் கடித்து அவிழ்த்து
படங்கு கட்டும் முடிச்சைப் போட்டார்.
முழு உருவமும் ஒரு முழம் சரிந்து
தலை சாய்த்துக் கேட்பதுபோல் நின்றது.
இந்துனில் ஏணியை எடுத்தான்.
விடு என்றாள் நுஸ்ரா.

படிவத்தில் எழுபத்தொன்று என்று எழுதினோம்.
கலைஞர் பெயர்களுக்கு மூன்று கோடுகள் இருந்தன.
நான்காவதை விளிம்பில் எழுதினேன்,
எழுத்து சிறுத்து, காகிதம் முடியும்வரை.

அன்று இரவு நான் எதையும் அவிழ்க்கவில்லை.
அந்த முடிச்சை மட்டும்,
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு,
ஒருதரம் முயன்று பார்த்தேன்.
வரவில்லை.