மீதிச் சில்லறை

ஏழு, இரண்டு, ஒன்பது, நான்கு.
திருப்பிச் சொல்லுங்கள் என்றார் நிலோஃபர் மேடம்.
காரைக்குடியில் ஒரு மாடி அறை,
மேசைமேல் கோப்பு:
சேவுகப்பெருமாள், இருபத்து மூன்று, மினி பஸ் கண்டக்டர்.

நான்கு என்றேன்.
அதற்குப் பிறகு
பின்படி வழியாக யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

கானாடுகாத்தான், கொத்தமங்கலம், பள்ளத்தூர், வேலங்குடி, கோட்டையூர்.
வரும்போது ஊர்களைத் தலைகீழாய்க் கூவியவன் நான், மேடம்.
நாலே எண் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

மாசி வரைக்கும் எனக்கு ஒருத்தன் இருந்தான்,
விசிலுக்குள்.
மூன்றாம் சீட்டுக்காரி உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்பான்.
பச்சைச் சட்டைக்காரன் உன்னை முடிக்க ஏறியிருக்கிறான் என்பான்.
கொத்தமங்கலம் விலக்கில் ஒருநாள்
ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தேன்
டிக்கெட் பையோடு.

இப்போது இரவு எட்டுக்கு ஒரு வெள்ளை மாத்திரை.
வெள்ளை தருகிற நடுக்கத்துக்கு ஒரு மஞ்சள்.
அவன் வீட்டைக் காலி செய்துவிட்டான்.
போகிறபோது என் வாய்ப்பாட்டையும் சுருட்டிக்கொண்டானா,
இல்லை,
வெள்ளைதான் தின்றதா?

மேடம் உடனே பதில் சொல்லவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.
"தை மாதமே வசூலில் எண்பது ரூபாய் குறைந்ததாமே,
உங்கள் ஓனர் சொன்னார்.
அப்போது மாத்திரை ஏது?
நோய் கொஞ்சம் எடுத்தது, மருந்தும் கொஞ்சம் மந்தமாக்கும்.
எது எவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்க
என்னிடம் தராசு இல்லை."
மஞ்சளைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்பாராம்,
ஞாபகத்தில் மண் போடுவது சில சமயம் அதுதானாம்.
வெள்ளையில் மட்டும் நாமாகக் கை வைக்கக் கூடாது.

அம்மா வைத்தாள்.
பிள்ளை பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறானே என்று
சித்திரையில் நிறுத்திப் பார்த்தாள்.
பதினோராம் நாள்
ஆணியில் தொங்கிய விசில்
லேசாக இருமியது.

ஆவணியில் மறுபடி வண்டி ஏறினேன்.
வெள்ளை அப்படியே, மஞ்சள் பாதி.
கோட்டையூரில் ஒரு அம்மாள் ஐம்பது ரூபாய் நீட்டினார்.
டிக்கெட் பதினேழு.
பதினேழு போக.
பதினேழு போக.
டிரைவர் உடையப்பன் கண்ணாடியில் பார்த்தார்,
பார்க்காத மாதிரி ஹாரன் அடித்தார்.
அந்த அம்மாளின் கை விரிந்தே இருந்தது,
உள்ளங்கையில் மீன் செதில் ஒன்று மின்னியது.

வேலங்குடி தாண்டி, காய்ந்த கண்மாய் ஓரம்,
வந்தது முப்பத்து மூன்று.
யாரும் சொல்லித் தராமல்,
தனியாக.

எண்ணிக் கொடுத்தேன்.
அவரும் எண்ணினார்.
ஒரு ரூபாயைத் திருப்பித் தந்தார்.