ஐஸ் ஃபாக்டரி இருந்த இடம்

மாநகராட்சி தந்த டேப்லெட்டில்
இந்த ஊருக்கு இரண்டே எண்கள் போதும்.
அட்சரேகை பன்னிரண்டு, வடக்கு.
தீர்க்கரேகை எண்பத்தாறு, மேற்கு.
மீதியெல்லாம் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்கள்.
ஐந்தாவது இலக்கத்தில் ஒரு நாய் படுத்திருக்கிறது,
எழுந்திருக்க மறுக்கிறது.

என் வேலை வாசல் வாசலாக நின்று
முகவரி கேட்பது.
கதவுக்கு எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை.
மனாகுவாவில் முகவரி என்பது
நடந்தே முடிக்கவேண்டிய ஒரு வாக்கியம்.

எவெலிங் ஸெலெடோன், முடி அலங்காரக் கடை,
பல்லிடுக்கில் இரண்டு ஹேர்பின்னோடு சொல்கிறாள்:
"ஐஸ் ஃபாக்டரி இருந்த இடத்திலிருந்து
ஏரிப் பக்கம் மூன்று குவாத்ரா,
மேலே ஒன்றரை,
கறுப்பு கேட். இப்போது பச்சை."

குவாத்ரா, ஒரு முக்கிலிருந்து மறு முக்கு வரை.
ஏரிப் பக்கம் என்றால் வடக்கு.
ஸொலொட்லான் ஏரி அங்கேதான் கிடக்கிறது,
திசைகாட்டி முள்ளைவிட நிதானமாக.
மேலே என்றால் சூரியன் ஏறும் கிழக்கு.
கீழே என்றால் அது இறங்கும் பக்கம்.
மேல் என்ற சொல்லிலிருந்து மேற்கைப் பெற்றவர்கள்
உலகத்தில் வேறெங்காவது இருக்கலாம்.
வழி கேட்டு அவர்கள் இங்கே வந்தால்
நேர் எதிர்த் திசையில்
முழு நம்பிக்கையோடு நடப்பார்கள்.
தெற்குக்கு மட்டும் தெற்கு என்றே பெயர்.
அதற்கென்று யாரும் எதுவும் யோசிக்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம்:
அடையாளப் புள்ளி தற்போது உள்ளதா?
இல்லை.
எழுபத்திரண்டு டிசம்பரில் நிலம் உதறியபோது போனது,
நான் பிறப்பதற்கு இருபத்தாறு வருடம் முன்பு.
எவெலிங்கும் பார்த்ததில்லை.
'இல்லை'யைத் தொட்டேன்.
திரை சிவந்தது. முகவரி செல்லாது.
எட்டிப் பார்த்தவள் கேட்டாள்,
"செல்லாதா? சிலிண்டர்காரன் வருகிறானே."

குறிவிளக்கப் பெட்டியைத் திறந்தேன்.
சிலுவை, தேவாலயம். நீலக் கோடு, ஓடை.
பழுப்புச் சுருள்கள் சமவுயரக் கோடுகள்,
நெருங்கினால் செங்குத்து, விலகினால் மூச்சு வாங்காத நடை.
இருப்பவற்றுக்கெல்லாம் குறி இருந்தது.
நான் ஒன்று சேர்த்தேன்:
உள்ளே நிரப்பாத வட்டம்.
பொருள், இருந்தது.

மூன்று வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வட்டங்கள்.
ஒரு சினிமா கொட்டகை, இரண்டு மருந்துக் கடைகள்,
என்ன ஜாதி என்று யாருக்கும் தெரியாத ஒரு மரம்.
அதை நம்பி மட்டும் எண்பது வீடுகள்.

ஒரு மாலை, சும்மா, அளவையைக் குறைத்துக்கொண்டே போனேன்.
ஒன்றுக்கு ஐம்பதாயிரத்தில் வீடுகள் கரைந்தன.
ஒன்றுக்குப் பத்து லட்சத்தில் ஊரே ஒரு புள்ளி.
அப்புறம் இரண்டு சமுத்திரத்துக்கு நடுவே
இடுப்பு ஒடுங்கிய நிலம், பூசந்தி.
வட்டங்கள் மட்டும் சிறுக்கவில்லை,
குறிகளை அளவையோடு கட்ட மறந்திருந்தேன்.
தவளை முட்டைகள் மாதிரி
ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு
நாட்டையே மூடி
பசிபிக்கிலும் கொஞ்சம் மிதந்தன.

மேலதிகாரி ஹெபெர்த்தோ கண்ணாடியைக் கழற்றினார்.
"இல்லாததை அச்சடிக்க மை கிடையாது, யாஓஸ்கா."
ஒரு விரல். ஒரு வினாடி.
நானூற்றுப் பன்னிரண்டும் போயின.

பிறகு ஃபோனை எடுத்து
மதியச் சாப்பாட்டுக்குச் சொன்னார்:
"ஆமாம், வரைபடப் பிரிவு ஆபீஸ்.
கடிகாரக் கடை இருந்தது பாருங்கள்,
அங்கிருந்து கீழே இரண்டு குவாத்ரா..."

பீன்ஸ் கலந்த சோறும் கோழியும்
பதினெட்டு நிமிடத்தில் வந்தன,
சூடு ஆறாமல்.