பிளவு

கிடாரி செத்துப் பதினோரு நாள்.
கம்பெனி என்னை அனுப்பியது
நாலு பக்கப் படிவத்தோடு, ஒரு செவ்வாய்க்கிழமை.
டோனிகால் மலைச்சரிவில் மழை
பெய்கிறதா, காற்றில் சும்மா தொங்குகிறதா
என்று சொல்ல முடியாத காலை.

அடுப்புக்கு இந்தப் பக்கம் அட்ராக்டா,
அந்தப் பக்கம் தம்பி மேனஸ்.
நடுவில் நாய்,
யார் பக்கமும் தலை வைக்காமல் படுத்திருந்தது.

"மேனஸ்தான், கேட்டைத் திறந்து போட்டது"
என்றாள், என்னிடம்.
"இவள்தான், கேட்டைத் திறந்து போட்டது"
என்றான், அவனும் என்னிடமே.

மேனஸ் கேட்டைத் திறந்தான் என்று
வெறுமனே சொல்ல இங்கே ஆளில்லை.
எங்கள் பக்கத்து ஆங்கிலம் அப்படி.
அடியில் ஐரிஷ் ஈரமாய்க் கசிந்துகொண்டிருக்கும்.
களைப்புதான் எனக்கு வந்திருப்பது என்பார்கள்.
தேநீர்தான் நீ இப்போது குடிக்கப்போவது என்பார்கள்,
மறுக்க வழியிருக்காது.
ரொட்டி வேன் ஓட்டிய காஹல்கூட
தோளெலும்பு முறிந்த கட்டிலில் கிடந்தபடி
"இருட்டைத்தான் நான் பார்த்தது, மாட்டை இல்லை" என்றான்.

பள்ளியில் இதற்குப் பிளவு வாக்கியம் என்று பெயர்.
முழுசாய் இருந்ததை ஓங்கி இரண்டாய்ப் பிளப்பது.
முதலில் 'இட்' என்று ஒரு சொல்,
யாரையும் குறிக்காது.
காலி நாற்காலி ஒன்றை
அறை நடுவே இழுத்துப் போடும் சத்தம், அவ்வளவே.
பிறகு ஒருவனைப் பிடித்து அதில் உட்காரவைக்கிறோம்,
விளக்கை அவன் முகத்துக்குத் திருப்புகிறோம்.
மிச்சமெல்லாம் 'தட்' என்ற சொல்லுக்குப் பின்னால்
இருட்டில்.
அங்கே வைத்ததை யாரும்
எடுத்துப் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை.
திறந்தது யார்: இரண்டு பெயர் எழுதினேன்.
கேட் திறந்திருந்ததா:
கேட்காமலே 'ஆம்' கட்டத்தில் டிக்.
கம்பெனிக்கு வேண்டியது அந்தக் கட்டம்.
யார் என்பதில் அவர்களுக்கு அக்கறை கிடையாது.
திறந்திருந்தால் பணம் இல்லை, அதோடு சரி.

புகைப்படம் எடுக்கக் கீழே போனேன்.
கேட் ஒழுங்காய்ச் சாத்தி, நீலக் கயிறு கட்டி.
அங்கிருந்து நாற்பது தப்படியில்
முட்புதருக்குப் பின்னால்
மதில் வாய் பிளந்து கிடந்தது.
பாசி படியாத பக்கத்தை வானத்துக்குக் காட்டியபடி
கற்கள் சாலைவரை உருண்டிருந்தன.
ஒரு கல்லின் விளிம்பில்
செம்பட்டை மயிர், விரல்கொள்ளும் அளவு.

காருக்குள் உட்கார்ந்து
அன்றிரவு வந்த போலீஸ்காரரைப் போனில் பிடித்தேன்.
"கேட்டா? நான்தான் அதைத் திறந்தது,
செத்ததை உள்ளே இழுத்துப் போட.
யாரும் கேட்கவில்லையே."

யாரும் கேட்கவில்லை.
பதினோரு நாள் இரண்டு பேர்
ஒரே மேசையில் தனித்தனி வேளைக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள்,
வாக்கியத்தின் முன்பாதிக்காக.
பின்பாதியில் நடக்காத ஒன்று
நடந்ததாகவே உட்கார்ந்திருந்தது.

திரும்பிப் போய், தொப்பியைக் கழற்றி,
"விழுந்தது மதில்" என்றேன்.
கேட்டை யாரும் திறக்கவில்லை என்றேன்.
கெட்டில் கொதித்து அடங்கும்வரை
ஒருவரும் பேசவில்லை.
நாய் எழுந்து, உதறி,
மறுபடி அதே இடத்தில் படுத்தது.

இதோ, என்று நினைத்தேன்.
இப்போது ஒருவர் மற்றவருக்குத் தேநீர் ஊற்றுவார்.

அட்ராக்டா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.
"போன வசந்தத்திலேயே அந்த மதிலைக் கட்டுகிறேன் என்றது
யாராம்?"
மேனஸ் அவளிடம் நேராக,
பதினோரு நாளில் முதல் தடவையாக:
"நீதான், கல் வண்டிக்குக் காசு தரமாட்டேன் என்றது."

நாற்காலி மறுபடி நடுவே இழுபடும் சத்தம்
எனக்குக் கேட்டது.
பழைய படிவத்தை இரண்டாய்க் கிழித்து அடுப்பில் போட்டேன்.
"தேநீர்தான் நீ இப்போது குடிக்கப்போவது"
என்றாள் அட்ராக்டா, என் பக்கம் திரும்பாமலே,
மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தபடி.