நம்பர் இல்லாத படகு

கோலா சுங்கை பினாங்கு, காலை ஏழு இருபது.
சூரியன் இன்னும் மலைக்கு அந்தப் பக்கம்,
ஜார்ஜ்டவுன்காரர்களிடம் இருக்கிறது.
இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறேன்,
கன்னத்தில் முகமூடியின் கோடு அழியாமல்.
கப்சாயை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலியை விரித்தால்
அதன் ஒரு கால் சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே போகிறது.
இன்றைக்கு அடிவானம் சாய்வுதான்.
சரி, சாயட்டும்.

முதல் பூச்சு வானத்துக்கு.
தாள் வாயில் வைத்துக்கொண்டது, விழுங்கவில்லை.
இங்கே காற்றே பாதி தண்ணீர்.
நீலம் காய்வதற்குள் மூன்று மேகம் வந்து போய்விட்டது.
என் தாளில் இருப்பது ஏழரை மணி வானம்.
மணி எட்டு.

பச்சை இன்னும் மோசம்.
குழாயில் விற்கிற பச்சை
இந்த ஆற்றங்கரையில் ஒரு இலையிலும் கிடையாது.
நீப்பா ஓலைக்கு ஒன்று, அது தண்ணீரில் விழுந்தால் வேறொன்று,
அலையாத்தி இலையைக் காற்று புரட்டினால் சாம்பல்.
தூரத்துத் துரியான் மலை பச்சையே இல்லை, ஊதா
என்று ஒத்துக்கொள்ள எனக்கு
நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

படகுக்காகத்தான் வந்தேன்.
நீல உடம்பு, சிவப்பு விளிம்பு,
மூக்கில் ஒரு பழைய டயர்.
முன்பாதி முடித்து, பின்பாதிக்குப் பென்சில் வைத்தபோது
பாக் ரொம்லி வந்தார்,
ஒரு தோளில் வலை, விரலில் தொங்கும் தே ஓ பொட்டலம்.
‘கொஞ்சம் பொறுங்கள்’ நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
ஓதம் அவரைக் கேட்டுக்கொண்டா ஏறுகிறது?
என்ஜின் இருமியது.
என் படத்தில் பாதி கடலுக்குப் போனது.
அது இருந்த இடத்தில்
தண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது.

பாயான் லெப்பாஸில், என் வேலையறையில்
ஈரப்பதம் நாற்பத்தைந்து விழுக்காடு.
கொஞ்சம் ஏறினாலும் மணி அடிக்கும்.
அங்கே இந்தத் தாள் இரண்டே நிமிடத்தில் காயும்.
காயட்டும், எதைப் பார்த்து வரைவது?
வெள்ளைச் சுவர், வெள்ளை அங்கி;
நடையை வைத்துத்தான்
இது மெய்லிங், இது தவமணி என்று தெரியும்.

பத்தரைக்கு மழை.
மலையில் தெரிந்தது, எழுந்திருப்பதற்குள் மடியில் இருந்தது.
மழைக்கோட்டு ஒன்றுதான். படத்துக்குப் போர்த்தினேன்.
அப்படியும் ஆறு சொட்டு உள்ளே புகுந்தது.
ஐந்து, சும்மா கெடுத்தது.
ஒன்று, மலை முகட்டுக்குச் சற்று மேலே,
நான் வருடக்கணக்கில் தடவித் தடவியும் வராத
அந்த மங்கலை வைத்துவிட்டுப் போனது.
தலையிலிருந்து தண்ணீர் ஒழுக
அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சேற்றில் தாவும் மீன் ஒன்று
தூரிகை கழுவும் டப்பாவை வந்து பார்த்துப் போனது.

மதியம் படகு திரும்பியது.
மூக்கு இப்போது எதிர்ப்பக்கம்.
பாக் ரொம்லி குனிந்து பார்த்தார்.
‘பின்னால் பாதி எங்கே?’
‘நீங்கள்தான் எடுத்துக்கொண்டு போனீர்கள்.’
சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
‘நம்பர் போடவில்லையே, கடல் போலீஸ் பிடித்துவிடுவான்’
என்று என் பென்சிலை வாங்கி
நண்டு பிடிக்கிற விரலால்
இன்னும் காயாத நீலத்தில் அழுத்தி எழுதினார்.
தாள் குழிந்தது.
படத்தில் அந்த இடம் மட்டும்
மிதக்காமல், எடையோடு இருக்கிறது.

கேரியரில் படுக்கவைத்துக் கட்டி
மெதுவாக ஓட்டுகிறேன், இன்னும் ஈரம்.
இரண்டு முழங்கையிலும் ஆகாஸ் பூச்சி கடித்த தடிப்பு,
எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது.
இன்றிரவு அங்கிக்குள், கையுறைக்குள்
எல்லாம் சேர்ந்து அரிக்கும்.
சொறிய முடியாது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நிற்பான்.
வரும் ஞாயிறு ஓதம் எத்தனை மணிக்கு என்று
பாக் ரொம்லியிடம் கேட்க மறந்துவிட்டேன்.